கூண்டு ஏறினால் கச்சேரி

இந்த வருஷம் கிட்டங்கியில் மின்விசிறி போட்டிருக்கிறோம். நான்கு விசிறிகள். போன வருஷம் வந்தவர்கள் நிகழ்ச்சி நிரலையே மடித்து வீசிக்கொண்டார்கள். வயலின் வாசித்த அம்மாள், இருநூறு பேர் தன்னைப் பார்த்து ‘வேண்டாம், வேண்டாம்’ என்று கையாட்டுவதாக நினைத்து ஒரு கணம் வில்லை நிறுத்திவிட்டார். இனி அந்தக் குழப்பம் வராது.

விழா மலருக்கு ‘சீசன் பிறந்த கதை’ என்ற தலைப்பில் இரண்டு பக்கம் எழுதித் தரும்படி எங்கள் வாசகர் மன்றத் தலைவர் காசிலிங்கம் அண்ணாச்சி கேட்டிருக்கிறார். பலசரக்குக் கடை வைத்திருப்பவர், நிகழ்ச்சிகள் நடக்கும் கிட்டங்கியும், அந்தப் பழைய சரக்குக் கிடங்கும், அவருடையதுதான். முன்பு அதில் சங்கு அடுக்கியிருந்தார்கள். மழை பெய்தால் இப்போதும் அந்த வாடை எழும். “உள்ளத உள்ளபடி எழுதும். எதிர்ப்பக்கம் நம்ம கடை விளம்பரம் வருது, அதனால கொஞ்சம் மரியாதையாவும் எழுதும்” என்றார். இரண்டுக்கும் சரி என்றேன். மரியாதையாக எழுதுவது எனக்குச் சுலபம். உள்ளதை எழுத உட்கார்ந்த பிறகுதான் இரண்டு பக்கம் போதாது என்று தெரிந்தது.

என் பெயர் தேவபிரசாதம். சொந்த ஊர் நாசரேத். வயது இருபத்தேழு. மன்றத்துக்குச் செயலாளர். தூத்துக்குடியின் வடக்குக் கரையில் உள்ள கம்பத்துக்கு நான் பொறுப்பாளன். காற்று வரும் என்றால் தொலைபேசியில் ஓர் எண் சொல்வார்கள். அந்த எண்ணுக்குரிய புயல் கூண்டை நான் கம்பத்தில் ஏற்ற வேண்டும். போதும் என்றால் இறக்க வேண்டும். இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும். மூன்றாம் எண் ஏறினால் எங்கள் கரையில் மீன்பிடி வள்ளம் கடலில் இறங்காது. பெரிய துறைமுகத்துக் கம்பம் இங்கிருந்து தெரியாது. நடுவில் மில் கட்டடங்களும் உப்புக் குவியல்களும் மறைக்கின்றன. ஆகவே எங்கள் கரைக்கு நான் ஏற்றுவதுதான் காற்று.

வருஷத்தில் முக்கால்வாசி நாள் கம்பத்துக்கு வேலை கிடையாது. நான் நாவல் படிப்பேன். எல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். அவற்றில் வரும் துறைமுக நகரங்களில் குளிர்காலம் பிறந்ததும் சீசன் தொடங்கும். விளக்குகள் எரியும். சீமாட்டிகள் கோச்சு வண்டியில் கச்சேரிக்குப் போவார்கள். யாராவது ஒரு அறிஞர் தூர தேசத்தைப் பற்றிப் பேசுவார். படித்துவிட்டு நிமிர்ந்து ஜன்னல் வழியே பார்த்தால் எனக்குத் தெரிவது உப்பும் வலையும்தான். நம் ஊரும் துறைமுக நகரம்தானே, நமக்கு மட்டும் ஏன் சீசன் இல்லை என்று ஒரு நாள் காசிலிங்கம் அண்ணாச்சியிடம் கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. கிட்டங்கியைக் கழுவிக் கொடுத்தார்.

‘தூத்துக்குடியில் சீசன் ஆரம்பம்’ என்று சுவரொட்டி அடித்தோம். அது 1973 செப்டம்பர் கடைசி. நெல்லுக்கார ஊர்களிலிருந்து சந்தைக்கு வந்தவர்கள், குற்றாலத்தில் சாரல் நின்று ஒரு மாதமாயிற்றே, இங்கே எந்த அருவி என்று விசாரித்தார்கள். கடற்கரையில் வேறு மாதிரி. மீன் விற்கும் அற்புதமணி அக்கா ஓலைக் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரொட்டியின் முன் நின்று, “எந்த மீனு சீசன் தம்பி? நண்டா, சாளையா?” என்று கேட்டார். பாட்டு, நாடகம், சொற்பொழிவு என்று விளக்கினேன். “அப்பம் மீனு இல்ல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மொத்தம் எட்டு நிகழ்ச்சிகள், எட்டும் புதன்கிழமை மாலை. ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஞாயிறு மாலை சினிமாக் கொட்டகைக்குச் சொந்தம். சனிக்கிழமை என்றால் பாடகர்களுக்குக் கல்யாண வீடு இருக்கும். எங்களுக்குக் கிடைத்தது புதன்தான். ஆனால் கரைக்காரர்கள் மாலை நான்கு மணிக்கு வள்ளம் இறக்கி மறுநாள் காலையில்தான் திரும்புவார்கள். ஞாயிறு, மாதா கோயில் திருவிழா, கடலில் இறந்துபோனவர்களின் ஆண்டு நாள் இவை தவிர மற்ற நாளெல்லாம் அப்படித்தான். ஆண்கள் கடலில் இருக்கும்போது பெண்கள் பாட்டுக் கேட்க வரமாட்டார்கள்.

முதல் நிகழ்ச்சி ஸ்ரீவைகுண்டத்துப் பாடகருடையது. பதினொரு பேர் வந்தார்கள். அதில் இருவர் பாடகரின் உறவு. ஒருவர் சங்கு வாங்க வந்து, இப்போது இங்கே சங்கு இல்லை என்று தெரிந்தும் மரியாதைக்காக உட்கார்ந்தவர். பாடகர் நல்ல மனிதர். பதினொரு பேருக்கும் கண்ணை மூடிக்கொண்டே பாடினார். திறந்து பார்த்திருந்தால் பாடியிருக்க மாட்டார்.

அடுத்த புதன் வயலின். அன்று பகலில் உண்மையாகவே தொலைபேசி வந்தது. மூன்றாம் எண். ஏற்றினேன். காற்றும் வந்தது. கரையில் ஒருவருக்கும் வேலை இல்லை. ஆறரை மணிக்குக் கிட்டங்கியில் உட்கார இடம் இல்லை. இது என் செயல் அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்றுதான் வில்பிரட் அண்ணாச்சி முதல் முறையாக வந்தார். அற்புதமணி அக்காவின் கணவர். எங்கள் கரையில் அவர் வள்ளம் இறங்கினால்தான் மற்ற வள்ளங்கள் இறங்கும். கூண்டு ஏறியிருக்கும்போது ஒருவரும் போகாமல் பார்த்துக்கொள்வதும் அவர்தான். நல்ல உயரம், பெரிய குரல். கடைசி வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்த அம்மாள் ராகத்தை விரித்துக்கொண்டே போனபோது, பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வதுபோல் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “அரை மணி நேரமா வலைய இழுத்துக்கிட்டே இருக்கு இந்த அம்மா. மீன் உண்டா இல்லியா?” பிறகு பாட்டு தொடங்கி மிருதங்கம் சேர்ந்ததும், “மீன் பட்டுட்டு” என்றார். கிட்டங்கியே சிரித்தது. வயலின் அம்மாளும் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குச் சீசன் பிறந்தது. தலைப்புக்கு இந்த இடம் பொருத்தமாக இருக்கும்.

மூன்றாவது நிகழ்ச்சி என்னுடைய சொற்பொழிவு: ‘உலக நாவல்களில் பனி’. திங்கட்கிழமையிலிருந்தே கூண்டு மேலே இருந்தது. புதன் காலை பத்து மணிக்கு இறக்கச் சொல்லிவிட்டார்கள். நான் பதிவேட்டில் பத்து மணி என்று எழுதினேன். கூண்டை என் சொற்பொழிவு முடிந்த பிறகு இறக்கினேன். தாமதம் எந்த அலுவலகத்திலும் உண்டு. அன்று நூற்றெண்பது பேர் பனியைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு கிழவர் பனிப்புயலில் வழிதவறும் இடத்தை நான் சொன்னபோது மூச்சுச் சத்தம்கூட இல்லை. கேள்வி நேரத்தில் வில்பிரட் அண்ணாச்சி எழுந்து, “அம்புட்டு ஐஸும் தெருவுல சும்மாவா கெடக்கு? அங்கன மீன் வியாபாரம் பண்றவனுக்கு நஷ்டமே வராதே” என்றார். இதுவரை நான் படித்த எந்த விமர்சனத்திலும் அப்படி ஒரு பார்வையைக் கண்டதில்லை.

நான்காவது புதன் வில்லுப்பாட்டு. தொலைபேசி வரவில்லை. கடல் பாய் விரித்ததுபோல் கிடந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு மூன்றாம் எண் கூண்டை ஏற்றினேன். கை நடுங்கியது என்று எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். நடுங்கவில்லை. பதிவேட்டில் எதுவும் எழுதவில்லை. நடக்காத காற்றை எழுதுவது பொய்யாகும்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நான் யோசித்துப் பார்த்தேன். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. வலை பிழைத்தது. சில வீடுகளில் வியாழக்கிழமை கஞ்சியோடு போயிருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அதே வீடுகளில் வெள்ளிக்கிழமை ஆண்கள் வில்லுப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வலையைத் தைத்தார்கள். நாவல்களில் வரும் எந்த நகரமும் கொஞ்சம் பட்டினி இல்லாமல் கலையை வளர்த்ததாக நான் படித்ததில்லை.

அப்படி நான்கு புதன் ஏற்றினேன். மூன்றாவது தடவையே வில்பிரட் அண்ணாச்சி கண்டுபிடித்துவிட்டார். கம்பத்தடிக்கு வந்து, அண்ணாந்து கூண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“புன்னைக்காயல்ல எம் மச்சான் போன புதன்கிழமை கடலுக்குப் போயிருக்கான் வே. நல்ல மீன்பாடாம். காத்தே இல்லையாம்” என்றார். “ஒம்ம கம்பத்துக்கு மட்டும் தனியாக் காத்து வருதோ?”

நான் அன்றைய நிகழ்ச்சி நிரலை நீட்டினேன். பேச்சின் பெயர் ‘முத்து பிறப்பது எப்படி’. அவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் விரிந்தது.

“ஓய் நாசரேத்தாரே,” என்றார், “பாட்டுக் கேக்க வாங்கன்னு நேராக் கூப்பிட்டா வரமாட்டோமா?”

“வரமாட்டீங்க அண்ணாச்சி.”

நிரலை மடித்து மடியில் செருகிக்கொண்டார். “வரமாட்டோந்தான்” என்று ஒப்புக்கொண்டார். யாரிடமும் முறையிடவில்லை. அன்று மாலை முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தார். முத்துப் பேச்சாளரின் மூன்று தவறுகளைத் திருத்தினார். அவருடைய அப்பா முத்துக் குளித்தவர்.

ஆனால் நல்ல வேடிக்கையைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் மனிதர் அல்ல அவர். ஒரு வாரத்தில் கரை முழுக்கப் பரவிவிட்டது. கோபப்படுவார்கள் என்று பயந்தேன். சிரித்தார்கள். கூண்டு ஏறினால் கச்சேரி என்று ஒரு பேச்சே உண்டாகிவிட்டது. கம்பத்தில் கறுப்பாக ஏறுவதைப் பார்த்ததும் பெண்கள் தலை வாரத் தொடங்கினார்கள். சுவரொட்டி ஒட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. இதை நான் அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தோன்றவில்லை. உலகத்தில் வேறு எந்த நகரத்திலாவது சீசனுக்குக் கொடிக்கம்பம் இருந்ததா என்று படித்த நாவல்களையெல்லாம் மனதில் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை. எங்கள் ஊருக்கு மட்டும்தான்.

எட்டாவது நிகழ்ச்சி நாடகம். நவம்பர் இருபத்தொன்று, புதன். சாகுபுரம் தொழிற்சாலை நண்பர்கள் நடிப்பதாக இருந்தது. வர்ணம் தீட்டிய திரை மூன்று, நிஜமான குதிரை வண்டிச் சக்கரம் ஒன்று. சீசனின் கடைசி நாள், கிரீடம் வைத்ததுபோல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

முந்திய நாள் செவ்வாய். காலையிலேயே மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வருடாந்தரச் சோதனைக்கு வந்திருந்தார். மென்மையான மனிதர். பதிவேட்டைப் புரட்டி, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார். பதினொன்று இருபதுக்குத் தொலைபேசி மணி அடித்தது. மூன்றாம் எண். மாலைக்குள் பலத்த காற்று. அவர் கண்ணெதிரே எழுதினேன், அவர் கண்ணெதிரே ஏற்றினேன். முடிச்சு அருமை என்றார்.

வானம் தெளிவாக இருந்தது. மதியம் இரண்டரை மணி இருக்கும், வில்பிரட் அண்ணாச்சி தோளில் துடுப்போடு கம்பத்தடிக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை கூண்டு ஏறியது அவருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“என்னவே நாசரேத்தாரே, இன்னைக்கு யாரு?”

அதிகாரி பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினார். “என்ன கேக்கறார்?” என்றார்.

“வாசகர் மன்றத்து நிகழ்ச்சியைப் பத்திக் கேக்கிறார் சார்” என்றேன். பிறகு ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டிச் சொன்னேன்: “இன்னைக்கு நிகழ்ச்சி ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நாளைக்குத்தான் நாடகம்.”

அவர் கூண்டைப் பார்த்தார். “அப்பம் ஒண்ணும் இல்ல?”

“இன்னைக்கு ஒண்ணும் இல்ல.”

“சரி, நாளைக்குள்ளதுக்கு இன்னைக்கே ஏத்திட்டீராக்கும். போயிட்டு நாடகத்துக்கு வந்துருதேன். முன்வரிசையில எடம் போட்டு வையும்” என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்து நடந்தார். அதிகாரி எனக்குப் பொதுத்தொண்டில் ஈடுபாடு இருப்பதைப் பாராட்டினார்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அன்று நிகழ்ச்சி இல்லைதான். விசாரணையில் என்னிடம் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

‘இது நிஜக் காற்று’ என்று சொல்லியிருந்தால், மற்றது எல்லாம் என்ன காற்று என்று அதிகாரி கேட்டிருப்பார். என் வேலை போயிருக்கும். அது பெரிதில்லை. நாடகம் போயிருக்கும்.

அதிகாரி மூன்று மணிக்குப் புறப்பட்டுவிட்டார். வள்ளங்கள் இறங்கியது நான்கு மணிக்கு. இடையில் ஒரு மணி நேரம். என் ஜன்னலிலிருந்து வள்ளங்கள் கிடந்த மணலுக்கு இருநூறு அடி. ஓட வேண்டாம், நடந்தாலே போதும். இந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானாகச் சொல்கிறேன். நாடகத்துக்கு முன்வரிசை நாற்காலிகளில் ஒட்டுவதற்குப் பெயர்ச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். முதல் சீட்டில் வில்பிரட் என்று எழுதினேன். நல்ல கறுப்பு மை.

காற்று வராது என்று நினைத்தேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். நான்கு தடவை அந்தக் கூண்டு ஏறி, நான்கு தடவையும் காற்று வரவில்லை அல்லவா. ஆனால் அந்த நான்கும் நானாக ஏற்றியவை, இது தொலைபேசி சொல்லி ஏற்றியது. எனக்குத் தெரியும். அவர் திரும்பிப் பார்க்காமல் மணலில் நடந்தபோதும் தெரியும். பதினான்கு வள்ளங்கள் பாய் விரித்து வரிசையாகப் போனதை ஜன்னலில் நின்று கடைசி வரை பார்த்தேன். மாலை வெயிலில் அழகாக இருந்தது. நல்ல நிகழ்ச்சிக்கு அரங்கம் நிறைவதுபோல் கடல் நிறைந்தது.

காற்று ஆறரை மணிக்கு வந்தது. எங்கள் நிகழ்ச்சிகள் தொடங்கும் நேரம். பன்னிரண்டு வள்ளங்கள் மறுநாள் மதியத்துக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பின. இரண்டு திரும்பவில்லை. பதினொரு பேர். முதல் கச்சேரிக்கு வந்த எண்ணிக்கை. அதைக் கவனிக்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எண்ணிப் பார்ப்பது செயலாளராக இருப்பதால் வந்த பழக்கம்.

நாடகம் நடக்கவில்லை. எனக்கு அது வருத்தம்தான். திரைச்சீலைகள் மூன்றும் கிட்டங்கியில் நனைந்துவிட்டன.

விசாரணை ஒரு நாளில் முடிந்தது. கூண்டு பதினொன்று இருபதுக்கே ஏறியிருக்கிறது, சோதனை அதிகாரியே சாட்சி, எச்சரிக்கையை மீறிக் கடலுக்குப் போனது அவர்களுடைய துணிச்சல் என்று எழுதிக்கொண்டார்கள். திரும்பி வந்தவர்களில் சிலர் கூண்டு ஏறினால் கச்சேரி என்று ஏதோ சொல்ல முயன்றார்கள். அந்தப் பேச்சை எழுதுகிற மாதிரி விசாரணைப் படிவத்தில் இடம் இருக்கவில்லை. எனக்குப் பாராட்டுக் கடிதம் ஒன்று வந்தது. அதை மலரில் போடலாம் என்று காசிலிங்கம் அண்ணாச்சி சொல்கிறார். எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அற்புதமணி அக்கா கணவரின் நாற்பதாம் நாள் பூசை முடிந்து என் அறைக்கு வந்தார்.

“போறதுக்கு முந்தி ஒம்மகிட்ட என்னமோ பேசிட்டுப் போனாராமே. என்ன கேட்டாரு தம்பி?”

“இன்னைக்குக் கச்சேரி உண்டான்னு கேட்டாங்க அக்கா” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் சிரித்தார்கூட. “கோட்டி பிடிச்ச மாதிரில்லா இருந்தாரு அதுல. ராத்திரி படுத்துக்கிட்டுப் பனி பனின்னு சொல்லுவாரு” என்றார். என் சொற்பொழிவு ஒருவர் தூக்கம் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் போன பிறகு வெகு நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வருஷச் சீசனுக்கு அவரையே குத்துவிளக்கு ஏற்றக் கேட்டோம். சம்மதித்துவிட்டார்.

நிரல் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. வயலின் அம்மாள் மறுபடி வருகிறார். முத்துப் பேச்சாளரும் வருகிறார், திருத்திக்கொண்டு. தொடக்க நாளில் போன வருஷம் நின்றுபோன நாடகம். சாகுபுரத்து நண்பர்கள் திரைச்சீலைகளுக்குப் புது வர்ணம் தீட்டிவிட்டார்கள். முன்வரிசையில் வில்பிரட் அண்ணாச்சி கேட்ட நாற்காலியை அந்தச் சீட்டோடு அப்படியே போடப்போகிறேன். பெயர் இன்னும் மங்கவில்லை.

தொடக்க நாளை முடிவு செய்வதில்தான் கமிட்டியில் சிறு விவாதம் வந்தது. நவம்பர் இருபது என்று நான் சொன்னேன். அந்தப் பதினொரு பேரின் நினைவு நாளாயிற்றே, அன்று போய்ப் பாட்டும் கூத்துமா என்று காசிலிங்கம் அண்ணாச்சி தயங்கினார். அவர்களுக்குச் செலுத்தும் அஞ்சலி இதைவிட வேறு என்ன என்று கேட்டேன். எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், நான் கல்நெஞ்சக்காரன் அல்ல. நாள்காட்டியையும் எடுத்துக் காட்டினேன். இந்த வருஷம் அந்தத் தேதி புதன்கிழமையில் விழுகிறது.

அன்று காலையில் பூசை. அதன் பிறகு நாள் முழுவதும் எங்கள் கரையில் ஒரு வள்ளமும் இறங்காது. இந்த முறை நான் கூண்டு ஏற்ற வேண்டிய தேவையே இல்லை.